ஊர்ச்சங்கக் கணக்கு ஏன் மைனசில் நின்றது?

சென்ற வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிறு அதிகாலை, சூரிச்சிலிருந்து எங்கள் ஊர் ஒன்றியத்தின் பொருளாளர் அழைத்தார். ரொறன்ரோவில் இன்னும் விடிந்திருக்கவில்லை.

"அக்கா, பள்ளிக்கூடக் கட்டடக் கணக்கு மைனசிலை நிக்குது. நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா" என்றார். குரல் நடுங்கியது.

திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அவருடைய மடிக்கணினியில் மொத்தச் சேர்ப்பு மைனஸ் 1,98,09,672.96 ரூபாய் என்று இருந்தது. ஊரில் இருக்கும் செயலாளரின் கைத்தொலைபேசியில் அதே கணக்கு 2,31,40,000.00 ரூபாய் என்று சரியாக நின்றது. மத்தியானத்துக்குள் இரண்டு படங்களும் வைபர் குழுவுக்குப் போய்விட்டன. பின்னேரம் ஒருவர் "வித்தியாசக் காசு எங்கை?" என்று எழுதினார். அதற்குக் கீழே இன்னும் நான்கு பேர் கேள்விக்குறி போட்டார்கள்.

புலம்பெயர்ந்த நம்மவர்களின் பல சங்கங்கள் இன்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்த செயலிகளில் கணக்கு வைத்திருக்கின்றன. எங்களுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கும் நேரலாம். அது ஏன் நடந்தது என்பதைக் கணினி படிக்காதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறேன். நானும் கணினி படித்தவள் அல்ல. வணிகமாணிப் பட்டம் பெற்ற கணக்காளர். யாழ்ப்பாணத்தில் நான் படித்த காலத்தில் மின்சாரமே இருக்கவில்லை. கணினியை முதன்முதலில் தொட்டது அகதியாகக் கனடா வந்த பிறகுதான்.

வித்தியாசத்தைப் பார்

பரீட்சை மீதி சமப்படாவிட்டால் முதலில் வித்தியாசத்தைப் பார் என்பது கணக்கீடு படித்தவர்களுக்குத் தெரிந்த பாடம். வித்தியாசம் 9ஆல் பிரிபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். 2ஆல் பிரிபட்டால் அதில் பாதித் தொகை பற்றுக்குப் பதிலாக வரவில் விழுந்திருக்கலாம். நானும் அதையே செய்தேன். இரண்டு திரைகளுக்கும் இடைப்பட்ட வித்தியாசம் 4,29,49,672.96 ரூபாய். 9ஆல் பிரிபடவில்லை. 2ஆல் பிரிபட்டாலும், அதில் பாதிக்கு ஒத்த பதிவு ஒன்றும் எங்கள் பேரேட்டில் இல்லை. பொருளாளர் தன்னிடமிருந்த பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் கையால் கூட்டிப் பார்த்தார். 2 கோடி 31 இலட்சத்து 40 ஆயிரம் சரியாக வந்தது. ஆகவே பிழை பதிவில் இல்லை, கூட்டலில்தான் இருந்தது.

அந்த வித்தியாசத்தை மகனுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அழைத்தான். "அம்மா, அதைச் சதத்திலை சொல்லுங்கோ" என்றான். 4,294,967,296 சதம் என்றேன். "அது ரண்டின்ரை முப்பத்திரண்டாம் அடுக்கு. காசு எங்கையும் போகேல்லை. நான்தான் பிழை விட்டிட்டன்" என்றான்.

ஒரே நிரல், பல கருவிகள்

அந்தச் செயலியை மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது எழுதினான். திரையில் தெரியும் பகுதி கருவிக்குக் கருவி வேறு. ஆனால் காசைக் கூட்டும், பெயர்களை ஒழுங்குபடுத்தும், பற்றுச்சீட்டு ஆக்கும் பகுதி எல்லாக் கருவிக்கும் ஒன்றுதான். அதை அவன் சி மொழியில் தனியாக எழுதியிருந்தான். இப்படிப் பல செயலிகள் எடுத்துப் பயன்படுத்தக்கூடியதாகப் பிரித்து வைத்த பகுதியை லைப்ரரி என்பார்கள்.

சி மொழியில் எழுதியது எந்தக் கணினிக்கும் நேரடியாக விளங்காது. கொம்பைலர் என்ற மென்பொருள் அதைக் கணினியின் சிப்புக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றவேண்டும். சிப்புகளுக்குள்ளும் பல மொழிகள் உண்டு. பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில் இருப்பது 1978இல் இன்ரெல் வெளியிட்ட 8086இன் வழிவந்த எக்ஸ்86 குடும்பம். கைத்தொலைபேசிகளில் இருப்பது 1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஏகோர்ன் என்ற நிறுவனம் உருவாக்கிய ஆம் குடும்பம். ஒன்றுக்கு ஆக்கியது மற்றதில் ஓடாது.

கைத்தொலைபேசிக்கு வேண்டியதைக் கைத்தொலைபேசியிலேயே இருந்து ஆக்குவது சிரமம். ஆகவே ஒரு கணினியில் இருந்துகொண்டு வேறொரு கருவிக்கு வேண்டியதை ஆக்குகிறார்கள். இதற்குக் கிராஸ் கொம்பைல் என்று பெயர். எந்தக் கருவிக்காக ஆக்குகிறோமோ அது இலக்கு. ஒரு நிறுவனத்தின் பேரேடு ஒன்றுதான். அதே பேரேட்டிலிருந்து கனடாவுக்கு ஒரு படிவமும் இங்கிலாந்துக்கு வேறொரு படிவமும் நாங்கள் இங்கிருந்தே நிரப்பி அனுப்புகிறோம் அல்லவா, அதைப் போன்றது இது.

மகனுக்கு இப்போது வேலை, குடும்பம். அவன் விட்டுச்சென்ற பழைய லினக்ஸ் மடிக்கணினி என்னிடம் இருந்தது. அவன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு இலக்குக்கும் லைப்ரரியை ஆக்கப் பழகினேன். இரண்டு மாதம் எடுத்தது.

இலக்குக்கு ஒரு முழுப்பெயர்

"விண்டோசுக்கு ஆக்கு" என்று மட்டும் கொம்பைலருக்குச் சொன்னால் போதாது. சிப் எது, தயாரித்தவர் அல்லது விநியோகம் எது, இயங்குதளம் எது என்று கோடு போட்டுச் சேர்த்து ஒரு முழுப்பெயர் சொல்லவேண்டும். சூரிச் மடிக்கணினிக்கு அந்தப் பெயர் எக்ஸ்86_64-டபிள்யூ64-மிங்டபிள்யூ32. கடைசியில் உள்ள 32ஐப் பார்த்து இது 32 பிட்டுக்கு உரியது என்று நான் முதலில் ஒதுக்கிவிட்டேன். அது பழைய பெயரின் எச்சம் மட்டுமே. முன்னால் உள்ள 64ஐத்தான் பார்க்கவேண்டும்.

புதிய அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு ஏஆர்ச்64-லினக்ஸ்-அன்ட்ரொயிட். கூகிள் தரும் என்டிகே என்ற தொகுதியில் உள்ள கொம்பைலரின் பெயரில் இதற்குப் பின்னால் 21 போன்ற ஓர் இலக்கமும் ஒட்டியிருக்கும். நாம் ஆக்குவது ஓடக்கூடிய ஆகப் பழைய அன்ட்ரொயிட் எது என்பதை அது குறிக்கிறது. 21 என்றால் அன்ட்ரொயிட் 5.0. அன்ட்ரொயிட்டில் 64 பிட் தொடங்கியதும் அந்தப் பதிப்பில்தான். ஊரில் பழைய 32 பிட் தொலைபேசி வைத்திருப்பவர்களுக்கு ஆம்வி7ஏ என்று தொடங்கும் வேறு இலக்கு. ஐபோனுக்கு ஆக்க அப்பிளின் எக்ஸ்கோட் வேண்டும். அது மாக் கணினியில்தான் ஓடும். ஆகவே அதை இலண்டனில் மாக் வைத்திருக்கும் ஒரு பிள்ளையிடம் விட்டோம்.

கனடாவில் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி. முதலாவது கணினியில் இருந்துகொண்டு, இரண்டாவது கணினியில் ஓடப்போகும் ஒரு கொம்பைலரை, அது மூன்றாவது கருவிக்கு நிரல் ஆக்கும்படி செய்வதும் உண்டு. இதற்குக் கனேடியன் கிராஸ் என்று பெயர். இதைப் பற்றிப் பேசிய காலத்தில் கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்தனவாம், அதனால் வந்த பெயர். எங்களுக்கு அந்த அளவு தேவைப்படவில்லை.

கோவையைக் கலக்காதே

இலக்கின் பெயரோடு இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஒன்று, அந்த இலக்குக்கு உரிய கொம்பைலர் எங்கே இருக்கிறது என்பது. மற்றது, அந்த இலக்கின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் அடைவு. அதைச் சிஸ்ரூட் என்பார்கள். சிமேக் என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள் இவற்றை டூல்செயின் கோப்பு என்ற சிறிய கோப்பில் எழுதி வைக்கிறார்கள். என்டிகேயுடன் அன்ட்ரொயிட்டுக்கு ஒன்று ஆயத்தமாகவே வருகிறது. விண்டோசுக்கு நாங்கள் எழுதியது பத்து வரிகூட இல்லை.

இங்கே நான் இரண்டு தடவை விழுந்தேன். முதலாவது, விண்டோசுக்கு ஆக்கிய அதே அடைவில் டூல்செயின் கோப்பை மட்டும் மாற்றி அன்ட்ரொயிட்டுக்கு ஆக்கப் பார்த்தேன். சிமேக் முதல் தடவை கண்ட கொம்பைலரை ஞாபகம் வைத்திருக்கும். பிறகு மாற்றினாலும் அந்த அடைவில் பழையதையே பிடித்துக்கொள்ளும். ஒரு வாடிக்கையாளரின் கோவைக்குள் இன்னொருவரின் தாள்களை வைக்கக்கூடாது என்று அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். இங்கே அதை மறந்துவிட்டேன். இலக்குக்கு ஓர் அடைவு என்பதே சரியான முறை.

இரண்டாவது, எங்கள் லைப்ரரி தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற இன்னொரு லைப்ரரியைப் பயன்படுத்துகிறது. என் லினக்ஸ் கணினியில் அது ஏற்கெனவே இருந்தது. சிமேக் அதை எடுத்து அன்ட்ரொயிட் கட்டுக்குள் வைக்கப் போனது, வேறு சிப்புக்கு உரியதென்று கடைசிக் கட்டத்தில் நிராகரிக்கப்பட்டது. லைப்ரரிகளை இலக்கின் அடைவுக்குள் மட்டும் தேடு என்று டூல்செயின் கோப்பில் கட்டளை கொடுக்கலாம். அதோடு, எஸ்க்யூலைட்டின் மூலநிரல் முழுவதும் ஒரே சி கோப்பாகக் கிடைக்கிறது. அதை எங்கள் நிரலோடு சேர்த்து ஒவ்வொரு இலக்குக்கும் புதிதாக ஆக்கிவிட்டோம். பிரச்சினை தீர்ந்தது.

இப்படிப்பட்ட பிழைகள் நல்ல பிழைகள். ஆக்கும்போதே சத்தம் போட்டு நிற்பவை. சூரிச்சில் நடந்தது சத்தம் போடாத பிழை.

எழுதாமல் விட்டதை இலக்கு தீர்மானிக்கும்

கணக்கில் தசமத்தை நம்பக்கூடாது என்று மகனுக்குச் சொன்னது நான்தான். அவன் எல்லாத் தொகையையும் சதமாக, முழு எண்ணாக வைத்தான். அது சரி. கூட்டுத்தொகையை வைக்கச் சி மொழியில் 'லோங்' என்ற வகையைப் பயன்படுத்தினான். அங்கேதான் குழி இருந்தது.

லோங் எவ்வளவு பெரியது என்பதைச் சி மொழி திட்டமாக வரையறுக்கவில்லை. குறைந்தது 32 பிட் இருக்கவேண்டும் என்கிறது. மீதியை இலக்கு தீர்மானிக்கிறது. 32 பிட் என்றால் அதில் அடங்கக்கூடிய ஆகப் பெரிய தொகை 2,147,483,647 சதம். அதாவது 2 கோடி 14 இலட்சத்து 74 ஆயிரத்து 836 ரூபாய் 47 சதம். அதற்கு மேல் ஒரு சதம் சேர்ந்தாலும் எண் மைனஸ் பக்கத்துக்குத் திரும்பிவிடும். பழைய கார்களில் கிலோமீற்றர் காட்டும் இலக்கங்கள் 99999க்குப் பிறகு சுழியத்துக்கு வருவதைக் கண்டிருப்பீர்கள். அதே மாதிரித்தான்.

மூன்று வருடமாக எங்கள் மொத்தம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தது. எல்லாக் கருவியும் ஒரே தொகையைக் காட்டின. அந்தச் சனிக்கிழமை இலண்டன் கிளையின் 23 இலட்சம் பதிவானது. 2 கோடி 8 இலட்சத்து 40 ஆயிரம் 2 கோடி 31 இலட்சத்து 40 ஆயிரமாகி எல்லையைத் தாண்டியது.

விண்டோஸ் பிழை என்று சொல்ல முடியாது. 32 பிட் காலத்தில் எழுதப்பட்ட நிரல்கள் 64 பிட்டுக்குச் சிரமமின்றி வரவேண்டும் என்பதற்காக அங்கே லோங்கை 32 பிட்டாகவே வைத்திருக்கிறார்கள். லினக்ஸ், மாக் பக்கம் 64 ஆக்கினார்கள். இரண்டும் விதிக்கு உட்பட்டவை. அளவை எழுதாமல் விட்டது நாங்கள்.

இதைத் தேடும்போது இன்னொரு விடயமும் பிடிபட்டது. தொலைபேசியில் அச்சிட்ட பற்றுச்சீட்டுகளில் சில நீண்ட தமிழ்ப் பெயர்களின் முடிவில் ஒரு கறுப்புச் சாய்சதுரமும் அதற்குள் கேள்விக்குறியும் வரும். எழுத்துருக் கோளாறு என்றே நினைத்திருந்தோம். யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'அ' என்பது 224, 174, 133 என்று மூன்று எண்களாக இருக்கும். பெயருக்கு ஒதுக்கிய 64 பைட்டைத் தாண்டினால் வெட்டவேண்டும். ஆனால் எழுத்தின் நடுவில் வெட்டக்கூடாது. மகன் என்ன செய்தான் என்றால், பைட் சுழியத்திலும் குறைவாக இருந்தால் அது தமிழ் என்று எடுத்தான். அவனுடைய மடிக்கணினியில் 'சார்' என்ற எழுத்து வகைக்கு மைனஸ் பெறுமதி உண்டு. அங்கே 224 என்பது மைனஸ் 32 ஆகத் தெரியும். அன்ட்ரொயிட் தொலைபேசியில் அந்த வகைக்கு மைனஸ் இல்லை. அங்கே 224 என்பது 224தான். ஆகவே தொலைபேசியின் கண்ணுக்குத் தமிழ் எழுத்து எதுவும் தமிழாகத் தெரியவில்லை. இடையில் வெட்டிவிட்டது.

இரண்டையும் சேர்த்து ஒரு பட்டியல் போட்டுக்கொண்டேன்.

லினக்ஸ் மடிக்கணினி, எக்ஸ்86 64 பிட்: லோங் 64 பிட், சார் மைனஸ் உண்டு.
விண்டோஸ், எக்ஸ்86 64 பிட்: லோங் 32 பிட், சார் மைனஸ் உண்டு.
அன்ட்ரொயிட், ஆம் 64 பிட்: லோங் 64 பிட், சார் மைனஸ் இல்லை.
அன்ட்ரொயிட், ஆம் 32 பிட்: லோங் 32 பிட், சார் மைனஸ் இல்லை.
ஐபோன், ஆம் 64 பிட்: லோங் 64 பிட், சார் மைனஸ் உண்டு.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஐபோனிலும் அன்ட்ரொயிட்டிலும் சிப் ஒரே ஆம் குடும்பம். ஆனால் வழக்கம் வேறு. சிப் மட்டும் தெரிந்தால் போதாது, முழுப்பெயரும் வேண்டும் என்பது இதற்காகத்தான். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பழைய 32 பிட் தொலைபேசி இருந்தது. செயலியைத் திறந்து பார்க்கச் சொன்னோம். அங்கேயும் அதே மைனஸ் தொகை நின்றது. அந்தப் படத்தையும் குழுவில் போட்டேன். பிழை சூரிச்சில் இல்லை என்பது அன்றுதான் பலருக்கு விளங்கியது.

திருத்தம் சிறியது, சோதனை பெரியது

அளவைப் பெயரிலேயே சொல்லும் எண் வகைகள் சி மொழியின் 1999ஆம் ஆண்டு நியமத்திலேயே வந்துவிட்டன. இன்ட்64 என்று எழுதினால் எந்த இலக்கிலும் 64 பிட்தான். லோங் இருந்த பதினொரு இடங்களிலும் அதை மாற்றினோம். சார் வந்த இடத்தில் மைனஸ் இல்லாத வகை என்று வெளிப்படையாக எழுதினோம். 2011 நியமத்தில் இன்னொரு வசதி உண்டு. "இந்த வகை 8 பைட் இல்லையென்றால் ஆக்காதே" என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். அதையும் சேர்த்தோம். இனி இப்படியொரு பிழை வந்தால் ஆக்கும்போதே சத்தம் போடும்.

ஆனால் முக்கியமானது சோதனை. மகன் நன்றாகத்தான் சோதித்திருந்தான், ஆனால் தன் மடிக்கணினியில் மட்டும். இலக்குக்கு ஆக்கியதை இலக்கில் ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு இலக்கிலும் ஒரே சோதனைகளை ஓட்டுகிறோம். விண்டோசுக்கு ஆக்கியதை லினக்சில் வைன் என்ற மென்பொருளில் ஓட்டலாம். வேறு சிப்புக்கு ஆக்கியதைக் கியூஎமு என்ற போலியில் ஓட்டலாம். சோதனைகளை இவற்றின் ஊடாக ஓட்டும்படி சிமேக்கிடமே சொல்லி வைக்க முடியும். கடைசியில் உண்மையான தொலைபேசி ஒன்றிலும் ஒரு தடவை ஓட்டவேண்டும். எங்கள் சோதனைப் பட்டியலில் முதல் இரண்டு தொகைகள் 2,14,74,836.47உம் 2,14,74,836.48உம். மூன்றாவது, ஊரிலேயே ஆக நீளமான பெயர்.

உங்கள் சங்கத்தின் செயலியை எழுதிய பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தொகையை எத்தனை பிட்டில் வைத்திருக்கிறாய்? எந்தெந்த இலக்குக்கு ஆக்குகிறாய்? ஒவ்வொரு இலக்கிலும் ஓட்டிப் பார்த்தாயா? கோபித்துக் கேட்கவேண்டாம். பிள்ளைகள் எங்களுக்காகச் சும்மா எழுதித் தந்தவை இவை.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சூம் வழியாகப் பத்து நிமிடம் இதை விளங்கப்படுத்தினேன். பொருளாளரின் பற்றுச்சீட்டுகள் அனைத்தும் கணக்காய்வு செய்யப்பட்டன. ஒரு சதம்கூடப் பிசகவில்லை. "காசு எங்கை?" என்று எழுதியவர்களில் ஒருவர் அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டார். மற்றவர்கள் தாங்கள் போட்டதை அழித்துவிட்டார்கள்.

அவரைத் தொடர்ந்து இருக்கும்படி எல்லோரும் கேட்டோம். "கணக்கு சரியெண்டு தெரிய ரண்டு மாசம் எடுத்தது அக்கா. அந்த ரண்டு மாசமும் மனிசி கோயிலுக்குப் போகேல்லை" என்றார். புத்தகங்களையும் கடவுச்சொல்லையும் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். திருத்திய செயலி இப்போது எல்லாக் கருவியிலும் ஒரே தொகையைக் காட்டுகிறது. பொருளாளர் இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.